ரெனீ மோன்டோயா காமிக்ஸ்: எதை வாங்கலாம், எதை விடலாம்

ரெனீ மோன்டோயா முகமூடி மாட்டி ‘தி கொஸ்டின்’ என்ற சூப்பர்ஹீரோ ஆனது 2007 ஏப்ரலில். அவளைப் பற்றி வந்ததிலேயே தலைசிறந்த கதை வெளியானது 2003-இல், அவள் வெறும் துப்பறியும் போலீஸாக இருந்தபோது. சூப்பர்ஹீரோ கதைதானே வேண்டும் என்று அட்டையில் ‘தி கொஸ்டின்’ எனப் பெயர் போட்ட புத்தகத்தை முதலில் வாங்குபவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். அந்த முகமூடிக்கு எடை வருவது, அதற்குப் பின்னால் இருக்கும் முகத்தை நாம் முன்பே பார்த்திருந்தால் மட்டுமே. அதனால் இந்த விமர்சனம் ஒரு புத்தகத்தோடு நிற்கவில்லை. எந்த வரிசையில் படிப்பது, எந்தப் பதிப்பை எடுப்பது என்பதும் சேர்த்துத்தான். கதை முடிச்சுகள் சில அவிழும். பெரும்பாலும் பதினைந்து இருபது வருடத்துக்கு முந்தைய கதைகள், மறைத்து எழுத முடியாது.

அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: டொமினிக்கன் குடியரசிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோரின் மகள், கத்தோலிக்கக் குடும்பம், கோத்தம் நகரப் போலீஸ், லெஸ்பியன். 1992-இல் பேட்மேன் கார்ட்டூன் தொடருக்காக உருவாக்கப்பட்டவள். கார்ட்டூன் ஒளிபரப்பாகும் முன்பே ‘பேட்மேன்’ 475-ஆம் இதழில் தலைகாட்டிவிட்டாள். பிறகு பத்து வருடம் போலீஸ் கமிஷனர் கோர்டனுக்கும் துப்பறிவாளர் புல்லக்குக்கும் பக்கத்தில் நிற்கும் துணைப்பாத்திரம், அவ்வளவுதான். 1999-இல் ‘நோ மேன்ஸ் லேண்ட்’ தொடரில், நிலநடுக்கத்தால் கைவிடப்பட்ட கோத்தமில் எழுத்தாளர் கிரெக் ரக்கா அவளை, பாதி முகம் சிதைந்த வில்லனான டூ-ஃபேஸோடு கோத்துவிட்டார். அந்தக் கொலைகாரனிடம் மிச்சமிருக்கும் நல்ல பாதியை அவள் நம்பினாள். அவன் அதைக் காதல் என்று எடுத்துக்கொண்டான். பின்னால் வரும் அத்தனை கேட்டுக்கும் விதை அங்கேதான் விழுந்தது.

முதலில் வாங்க வேண்டியது ‘கோத்தம் சென்ட்ரல்’. எட் புரூபேக்கரும் ரக்காவும் சேர்ந்து எழுதிய 40 இதழ்கள், 2006-இல் முடிந்தது. பேட்மேன் நகரத்தில் வேலை பார்க்கும் பெருங்குற்றப் பிரிவுப் போலீஸ்காரர்களின் கதை. வேலையை இருவரும் ஷிஃப்ட் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள்: இரவு ஷிஃப்ட் புரூபேக்கருக்கு, பகல் ஷிஃப்ட் ரக்காவுக்கு. மோன்டோயாவும் அவளுடைய கூட்டாளி கிறிஸ்பஸ் ஆலனும் பகல் ஷிஃப்ட். பேட்மேன் சில கட்டங்களில் மட்டும் வருவான், பெரும்பாலும் கேஸ் முடியும் நேரத்தில், போலீஸ்காரர்களுக்கு அவமானமாக இருக்கும்படி. கூரையிலிருக்கும் பேட்-சிக்னலைப் போலீஸ் கையால் போடுவதில்லை, வரவேற்பில் இருக்கும் தற்காலிக ஊழியர் ஸ்டேசிதான் போட வேண்டும். இல்லையென்றால் சட்டத்துக்குப் புறம்பான ஓர் ஆளைக் காவல் துறை அதிகாரபூர்வமாகக் கூப்பிட்டதாக ஆகிவிடுமே. இந்த மாதிரி அலுவலகத் தந்திரங்கள்தான் தொடரின் உயிர்.

மோன்டோயாவுக்கான பகுதி 6 முதல் 10 வரையிலான இதழ்கள், ‘ஹாஃப் எ லைஃப்’. எழுத்து ரக்கா, ஓவியம் மைக்கேல் லார்க். 2004-இல் சிறந்த தொடர்கதைக்கான ஐஸ்னர் விருது (காமிக்ஸுக்கான பெரிய விருது) வாங்கியது. மோன்டோயா முன்பு கைது செய்த மார்ட்டி லிப்பாரி என்ற ஆள் அவள்மேல் வழக்குப் போடுகிறான்; கூடவே ஒரு தனியார் துப்பறிவாளனையும் பின்னால் விடுகிறான். அவள் தன் காதலி டாரியாவை முத்தமிடும் புகைப்படம் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. அடுத்து லிப்பாரி கொலையாகிறான், சுட்ட துப்பாக்கி மோன்டோயாவுடையது.

இந்தக் கதை எதனால் வேலை செய்கிறது என்றால், ரக்கா அந்தப் புகைப்படத்தைத் திருப்பமாக வைக்கவில்லை, தொடக்கமாக வைக்கிறார். படம் ஒட்டப்பட்ட பிறகு ஒவ்வொருவரும் அவளிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதிலேயே பக்கங்களைச் செலவழிக்கிறார். கேலி செய்பவன் ஒருவகை. ஆதரவு என்ற பெயரில் ஆறுதல் சொல்ல வருபவர்கள் இன்னொரு வகை, அவர்களும் அவளுக்கு எரிச்சல்தான் தருகிறார்கள். ஆலன் அதிகம் பேசாமல் வேலையைப் பார்ப்பதுதான் அவளுக்குப் பிடித்த நட்பு. எல்லாவற்றையும் பின்னாலிருந்து ஆட்டியது டூ-ஃபேஸ் என்று தெரியவரும்போது கதை ஒரு படி இறங்கிவிடும் என்று பயமாக இருக்கும். இறங்கவில்லை. அவளுடைய வாழ்க்கையை முழுக்க இடித்துவிட்டால் அவள் தன்னிடம் வந்துவிடுவாள் என்பது அவன் கணக்கு. தலைப்பில் உள்ள ‘பாதி’ அவனுடைய பாதி முகத்துக்கும் பொருந்துகிறது, அவள் இதுவரை வாழ்ந்த பாதி வாழ்க்கைக்கும் பொருந்துகிறது. வழக்கிலிருந்து அவள் வெளியே வந்துவிடுகிறாள். பெற்றோர் அவளைத் தள்ளிவைத்துவிடுகிறார்கள். அதைச் சரிசெய்ய எந்தப் பேட்மேனும் இல்லை.

லார்க்கின் ஓவியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கறுப்பு அடர்த்தியாக விழும், முகங்கள் சாதாரண மனித முகங்கள், ஒரு பக்கத்தில் நிறையக் கட்டங்கள். மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து இருவர் பேசுவதை ஐந்து பக்கம் வரைந்தும் அலுக்கவைக்காத ஆள். இதையே போனில் படித்தால் கறுப்பு எல்லாம் சேறாகிவிடும். கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் முறையில் பக்கத்தின் தாளமும் போய்விடும். குறைந்தது 10 அங்குல டேப்லெட், இல்லாவிட்டால் அச்சுப் புத்தகம்.

இப்போது பதிப்புக் குழப்பம். வாங்குபவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். ‘இன் தி லைன் ஆஃப் டியூட்டி’ என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு புத்தகங்கள் உண்டு. முதலில் வந்த பேப்பர்பேக்கில் 1 முதல் 5 வரை மட்டும். அதில் ‘ஹாஃப் எ லைஃப்’ கிடையாது. 2008 முதல் வந்த புதிய வரிசையில் அதே பெயர் ‘புக் ஒன்’ என்ற அடைமொழியோடு வருகிறது, அதில் 1 முதல் 10 வரை. அட்டைப் பெயரை மட்டும் பார்த்துப் பழைய புத்தகம் விற்பவரிடம் வாங்கினால் மோன்டோயா கதையே இல்லாத புத்தகம் கைக்கு வரும். முன்பக்கத்தில் இதழ் எண்கள் அச்சாகியிருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிச் சரிபார்த்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

புதிய வரிசை மொத்தம் நான்கு: புக் ஒன் 1–10, ‘ஜோக்கர்ஸ் அண்ட் மேட்மென்’ 11–22, ‘ஆன் தி ஃபிரீக் பீட்’ 23–31, ‘கோரிகன்’ 32–40. நான்கையும் ஒன்றாகக் கட்டிய ஆம்னிபஸும் உண்டு, 900 பக்கத்துக்கு மேல். அதைப் படுத்துக்கொண்டு படிக்க முடியாது, மேசை வேண்டும். நடுப்பக்கங்களில் ஓவியம் தையல் மடிப்புக்குள் போய்விடும் தொல்லையும் தடித்த புத்தகங்களுக்கே உரியது. படிக்க வாங்குபவர்களுக்கு நான்கு பேப்பர்பேக்கே மேல்.

பழைய வரிசையில் ‘ஹாஃப் எ லைஃப்’ என்றே தனிப் புத்தகம் ஒன்று 2005-இல் வந்தது. அதில் 6–10 மட்டுமல்லாமல் ‘பேட்மேன் கிரானிக்கிள்ஸ்’ 16-ஆம் இதழிலிருந்தும் ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 747-ஆம் இதழிலிருந்தும் எடுத்த ரக்காவின் இரண்டு முன்கதைகளும் சேர்ந்திருக்கின்றன. டூ-ஃபேஸுக்கு அவள்மேல் ஏற்பட்ட பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று புரிய அவை உதவும். மோன்டோயாவை மட்டும் ஒரே புத்தகத்தில் ருசிபார்க்க நினைப்பவர் பழைய புத்தகச் சந்தையில் தேட வேண்டியது இதைத்தான்.

நான்கு தொகுதிகளையும் வாங்க முடியாதவர் முதலாவதையும் கடைசி இரண்டையும் எடுக்கலாம். மூன்றாவதின் தொடக்கத்தில், 23, 24-ஆம் இதழ்களில், ஜிம் கோரிகன் என்ற ஊழல் பிடித்த தடயவியல் ஆள் ஆலன்மேல் தப்பில்லை என்று நிரூபிக்கக்கூடிய ஒரு தோட்டாவைச் சம்பவ இடத்திலிருந்து திருடி விற்றுவிடுகிறான். அவனை மோன்டோயா அடித்து உதைத்து அந்தத் தடயத்தை மீட்கிறாள். அந்த அடியே பின்னால் கோரிகனுக்குக் கவசமாகிவிடுகிறது. கடைசித் தொகுதியில் அவன் ஆலனைக் கொல்கிறான், வழக்கு நிற்கவில்லை. மோன்டோயா துப்பாக்கியோடு அவன் வீட்டுக்குப் போகிறாள்; சுட முடியவில்லை; பேட்ஜைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறாள். ஒரு நல்ல போலீஸ் எப்படித் துளித்துளியாகக் கெடுகிறாள் என்பதை அவசரமே இல்லாமல் காட்டியிருக்கிறார்கள். அவள் குடிப்பதும் கைநீட்டுவதும் இதழுக்கு இதழ் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும், யாரும் அதைச் சுட்டிக்காட்டிப் பேசுவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. லார்க் விலகிய பிறகு வந்தவர்கள் அவருடைய பாணியைப் பிடிக்க முயல்கிறார்கள், ஆனால் முகங்கள் இதழுக்கு இதழ் மாறும். 37-ஆம் இதழ் ‘இன்ஃபினிட் கிரைசிஸ்’ என்ற, பல தொடர்களை இணைத்த பெருநிகழ்வுக்கான ஒட்டுக்கதை. வானமே பிளந்துகொண்டிருக்க, ஏன் பிளக்கிறது என்று புத்தகத்தில் ஒரு வரி விளக்கமும் இல்லை. தாண்டிவிடலாம், ஒன்றும் குடிமுழுகாது.

அடுத்து ‘52’. 2006 மே முதல் 2007 மே வரை ஒரு வாரமும் தவறாமல் வந்த வாராந்திரத் தொடர். ஜெஃப் ஜான்ஸ், கிரான்ட் மோரிசன், ரக்கா, மார்க் வெய்டு நால்வரும் சேர்ந்து எழுதியது. கோத்தம் சென்ட்ரல் முடிந்த இடத்திலிருந்து மோன்டோயாவின் கதை இங்கே தொடர்கிறது: வேலை இல்லை, டாரியா இல்லை, பாட்டில் மட்டும் மிச்சம். முகமே இல்லாத ஒருவன், அதாவது பழைய கொஸ்டினான விக் சேஜ், வந்து 520, கேன் தெரு என்ற கட்டடத்தைக் கண்காணிக்கக் கூலி தருகிறான். அங்கிருந்து காண்டாக் என்ற கற்பனை நாட்டுக்கும் பிறகு நந்தா பர்பத் என்ற இமயமலை நகரத்துக்கும் கதை நகர்கிறது. 16-ஆம் வாரத்தில் காண்டாக்கை ஆளும் பிளாக் ஆடமின் திருமணத்தில் குண்டோடு வரும் சிறுமியை அவள் சுட வேண்டி வருகிறது. ஊர் அதற்காக அவளைக் கொண்டாடும்போது அவளால் தாங்க முடியவில்லை, மறுபடி குடிக்கிறாள். 38-ஆம் வாரத்தில் நுரையீரல் புற்றுநோயால் விக் பனியில் இறந்துபோகிறான். 48-இல் அவள் அவனுடைய முகமூடியை எடுத்துக்கொள்கிறாள்.

முகமூடியைப் பற்றித் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் கதைகள் அதை விளக்கிக்கொண்டிருப்பதில்லை. அரிஸ்டாட்டில் ரோடர் என்ற வயதான விஞ்ஞானி (எல்லாரும் கூப்பிடுவது டாட்) உருவாக்கிய செயற்கைத் தோல் அது. இடுப்புப் பெல்ட்டிலிருந்து வரும் ஒருவகை வாயு அதை முகத்தோடு ஒட்டவைக்கும், அதே வாயு உடையின் நிறத்தையும் மாற்றும். ஒட்டியதும் கண், மூக்கு, வாய் எதுவும் தெரியாது, உரித்த முட்டைபோல வழவழவென்று இருக்கும். வேறு எந்த மந்திரச் சக்தியும் அவளுக்குக் கிடையாது. 1967-இல் ஸ்டீவ் டிட்கோ விக் சேஜை உருவாக்கியபோதே வந்த ஏற்பாடு இது. ஓவியருக்கு இதில் பெரிய சிக்கல் உண்டு: முகபாவம் என்ற கருவியே கையை விட்டுப் போய்விடுகிறது, தொப்பியின் சாய்வையும் தோளையும் வைத்துத்தான் உணர்ச்சியைச் சொல்ல வேண்டும். மோன்டோயா கதைகளில் எந்த ஓவியர் தேறுகிறார், யார் தேறவில்லை என்பதை இதை வைத்தே கணித்துவிடலாம்.

‘52’-இன் சிரமம் அதன் பரப்பு. மோன்டோயாவுடையது பல இழைகளில் ஒன்று. விண்வெளியில் தொலைந்த ஹீரோக்கள், பைத்தியக்கார விஞ்ஞானிகளின் தீவு என்று மற்ற இழைகள் குறுக்கே வந்துகொண்டே இருக்கும். கீத் கிஃபன் எல்லா இதழுக்கும் பக்க அமைப்பைப் போட்டுக் கொடுத்ததால், மேலே வரைந்தவர்கள் பலர் என்றாலும் கண்ணுக்குப் பெரிதாகத் தட்டுவதில்லை. பழைய நான்கு தொகுதிகளில் தலா 13 வாரங்கள் இருக்கின்றன, கூடவே எழுத்தாளர்களின் குறிப்புகளும் கிஃபனின் முன்வரைவுகளும். எப்படி ஒரு வாராந்திரத் தொடரைத் தயாரித்தார்கள் என்று பார்க்க விரும்புபவர்களுக்கு அந்தக் குறிப்புகளே தனி விருந்து. மோன்டோயாவுக்காக மட்டும் படிப்பவருக்கு மூன்றாவது தொகுதி, அதாவது 27–39, தவறவே கூடாதது. அதை மட்டும் தனியாக வாங்கினால் விக்கின் சாவு உறைக்காது. அந்த ஆளின் நச்சரிப்பை முதல் இரண்டு தொகுதிகளில் அவளோடு சேர்ந்து நாமும் சகித்திருந்தால்தான் அந்தப் பனிப் பக்கங்கள் கனக்கும்.

கேட் கேன் என்ற பெயர் கண்ணில் படும் முதல் இடமும் ‘52’-தான். மோன்டோயாவின் முன்னாள் காதலி, 11-ஆம் வாரத்தில் பேட்வுமனாக உடை அணிந்து வருகிறாள். பத்திரிகைகள் அப்போது பேட்வுமனைத்தான் தலைப்பாக்கின. கொஸ்டின் ஆகப்போகிற லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண் அதே பக்கங்களில் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். என் கணக்கில் இருவரில் ஆழமான பாத்திரம் மோன்டோயாதான். விற்பனையில் ஜெயித்தது மற்றவள்.

முகமூடி போட்ட பிறகு வந்தவற்றில் வாங்கத் தக்கது ‘தி கொஸ்டின்: பைப்லைன்’. எழுத்து மறுபடி ரக்கா, ஓவியம் கல்லி ஹாம்னர். 2009 முதல் ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 854 முதல் 865 வரை, இதழின் பின்பகுதியில் எட்டு எட்டுப் பக்கமாக வந்தது. ஒரு கலங்கரை விளக்கத்தில் டாட்டோடு இருந்துகொண்டு, உதவி கேட்டு வரும் மின்னஞ்சல்களில் இருந்து கேஸ் எடுக்கிறாள். காணாமல் போன லூயிசா சோலிஸ் என்ற பெண்ணைத் தேடப் போய், ஆள் கடத்தும் கும்பலின் சங்கிலியைப் பிடித்து ஒவ்வொரு கண்ணியாக மேலே ஏறுகிறாள். பாதியில் ஹன்ட்ரஸ் என்ற இன்னொரு முகமூடி வீராங்கனை சேர்ந்துகொள்கிறாள், இருவருக்கும் இடையே ஓடும் கிண்டல் நன்றாக இருக்கிறது. முகபாவச் சிக்கலை ஹாம்னர் அழகாகத் தீர்த்திருக்கிறார்: தடித்த சுத்தமான கோடு, ஒவ்வொரு நிழலுருவத்திலும் ஆள் யாரென்று தெரியும்.

குறை அமைப்பில் இருக்கிறது. எட்டுப் பக்கத்துக்கு ஒரு கொக்கி போட்டாக வேண்டும். அதனால் ஒவ்வோர் அத்தியாயமும் சண்டையில் முடியும், அடுத்தது அந்தச் சண்டையை முடிப்பதிலேயே இரண்டு பக்கத்தைத் தின்றுவிடும். ஒரே மூச்சில் படித்தால் திணறும். நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். முடிவில் வாண்டல் சாவேஜ் என்ற பெரிய வில்லன் வந்ததும் தெருவில் நடந்த கதை திடீரென்று விவிலியச் சாபம், அழியா வரம் என்று வேறு உயரத்துக்குப் போய்விடுகிறது. எனக்கு அந்தத் தாவல் ஒப்பவில்லை. இதே இதழ்களின் முன்பகுதியில் வந்த ‘பேட்வுமன்: எலெஜி’ தனிப் புத்தகம், ஜே.எச். வில்லியம்ஸின் பக்க வடிவமைப்புக்காகவே வைத்திருக்கலாம். மோன்டோயா சீருடையில் கேட்டின் வண்டியை மடக்கி நிறுத்தும் முதல் சந்திப்பு அதில்தான் இருக்கிறது.

விடலாம் என்று சொல்வது ‘தி ஃபைவ் புக்ஸ் ஆஃப் பிளட்’. குற்றத்தை மதமாக்கிக் கும்பிடும் கூட்டத்தை மோன்டோயா துரத்தும் ஐந்து இதழ்கள், ஐந்துக்கும் வேறு வேறு ஓவியர்கள். கரு நன்றாக இருக்கிறது, ஆனால் முடிவு தொங்கலில் நின்று ‘ஃபைனல் கிரைசிஸ்: ரெவலேஷன்ஸ்’ என்ற இன்னொரு ஐந்து இதழுக்குத் தள்ளிவிடுகிறது. அங்கே செத்துப்போன ஆலன் கடவுளின் பழிவாங்கும் ஆவியான ஸ்பெக்டராக எதிரே நிற்கிறான். ஆலனுக்காகப் படிக்கலாம். அதன் பின்புலம் புரிய வேறு மூன்று தொடர்களின் கதை தெரிய வேண்டும், அதுதான் தொல்லை.

2011-இல் இந்தக் காமிக்ஸை வெளியிடும் டி.சி. நிறுவனம் தன் கதை உலகத்தையே அழித்துத் திரும்பத் தொடங்கியபோது மோன்டோயா சில வருடம் காணாமலே போனாள். திரும்பி வந்தவற்றில் 2019-இல் தொடங்கி 12 இதழ்கள் வந்த ‘லோயிஸ் லேன்’ நல்லது. ரக்கா எழுத்து, மைக் பெர்க்கின்ஸ் ஓவியம். தலைப்பு பத்திரிகையாளர் லோயிஸுடையது என்றாலும் கொஸ்டின் அதில் பாதுகாவலும் துணையுமாகக் கூடவே வருகிறாள். 2020-இல் வந்த ‘பேர்ட்ஸ் ஆஃப் பிரே’ படத்தில் ரோசி பெரெஸ் நடித்த மோன்டோயாவைப் பார்த்துவிட்டு வருபவர்கள் அந்தக் கலகலப்பைக் காமிக்ஸில் தேட வேண்டாம், இங்கே கிடைக்காது. கலகலப்பும் நட்சத்திர வடிவ வாசல்களும் பல்கலைக்கழக நாட்களும் வேண்டுமென்றால் மார்வெலின் அமெரிக்கா சாவெஸ் இருக்கிறாள். கேபி ரிவேரா எழுதி 2017-இல் தொடங்கிய தனித்தொடர் 12 இதழ்களில் நின்றுபோனது, இரண்டு தொகுதிகளாகக் கிடைக்கும்.

அண்மையில் வந்தது ‘தி கொஸ்டின்: ஆல் அலாங் தி வாட்ச்டவர்’, 2024 இறுதியில் தொடங்கிய ஆறு இதழ்கள்; அலெக்ஸ் செகுரா எழுத்து, கியன் டோர்மி ஓவியம். சூப்பர்ஹீரோக்களின் கூட்டணியான ஜஸ்டிஸ் லீகின் விண்வெளி நிலையத்துக்குப் பாதுகாப்புப் பொறுப்பாளராக மோன்டோயாவை அனுப்புகிறார்கள். சூப்பர்மேன்கள் நிறைந்த இடத்தில் தொப்பி போட்ட ஒரு முன்னாள் போலீஸ் விசாரணை நடத்துவது என்ற யோசனை ருசியானது. மூடிய அறை மர்மமாகத் தொடங்குவதால் முன்கதை தெரியாதவரும் பிடித்துக்கொள்ளலாம். கூட்டம் அதிகம் என்பதால் அவளுடைய குடி, குடும்பம், கோபம் எதற்கும் அங்கே இடமில்லை. கோத்தம் சென்ட்ரல் படித்தவர் இதை எடுத்தால் ஆள் நலமாக இருக்கிறாளே என்று பார்த்துவிட்டு வரலாம். அதற்குப் புத்தகம் போதும், ஆறு தனி இதழ்களையும் ஆறு மாற்று அட்டைகளையும் துரத்த வேண்டியதில்லை.